ஷூட்-அவுட் பயம் போக ஒரு வழி

ஹாக்கி ஆட்டம் சமனில் முடிந்து ஷூட்-அவுட் என்று வந்துவிட்டால், நன்றாக ஆடிய பிள்ளைகளுக்கே கை நடுங்கும். ஒவ்வொருவராக, கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு, 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தைக் கொண்டுபோய் 8 விநாடிக்குள் கோல் போட வேண்டும். பாதிப் பேர் விசில் ஊதிய பிறகுதான் என்ன செய்வது என்று யோசிக்கவே தொடங்குகிறார்கள். அதற்குள் கோல்கீப்பர் முன்னால் வந்து நிற்பார்.

இதற்குப் பயிற்சி முடியும் நேரம்தான் சரி. ஓடிக் களைத்து மூச்சு வாங்கும்போது ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு கொடுங்கள். பத்து வாய்ப்பு கொடுத்தால் பயமே வராது, அப்புறம் பயிற்சி எதற்கு? மற்றவர்கள் கோட்டோரம் நின்று கத்தட்டும். நீங்கள் 8 வரை உரக்க எண்ணுங்கள். நாலைந்து நாளில் 8 விநாடி எவ்வளவு நீளம் என்பது பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

ஆடுபவர் இரண்டு வேலை செய்தால் போதும். கோட்டுக்கு வரும்போது ஒருமுறை மூச்சை மெதுவாக விடுவது. எந்தப் பக்கம் வெட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிடுவது.

தவறவிட்டால் அங்கேயே திட்டாதீர்கள். மறுநாள், "கோல்கீப்பர் எப்போது கீழே விழுந்தார், பார்த்தாயா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "பார்க்கவில்லை சார்" என்றுதான் பதில் வரும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனை இந்தியா 4-2 என வென்ற ஷூட்-அவுட்டைப் போட்டுக் காட்டுங்கள். பந்தை விட்டுவிட்டு இந்திய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.