எடுத்துவிட்டுப் படியுங்கள்: ஆங்கில வகுப்பின் ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்சைப் பிடிக்க ஒரு வழி

ஆங்கில இலக்கிய விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமே ஆகியிருக்கும்: "இந்த வரியில் அலிட்டரேஷன் வந்துள்ளது. இது கவிதைக்கு அழகு சேர்க்கிறது." தாளுக்குத் தாள் இதேதான். அலிட்டரேஷனை (பக்கத்துச் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது) எடுத்துவிட்டு சிமிலி (உவமை) என்று போட்டாலும் பொருந்தும். கவிதையையே மாற்றினாலும் பொருந்தும். எங்கு வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும் விடைக்கு மதிப்பெண் போட எனக்கு மனம் வருவதில்லை.

தப்பு முழுக்க மாணவர்கள் மேல் இல்லை. ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் என்கிற அணிகளுக்குப் பெயர், இலக்கணம், ஓர் உதாரணம் என்று பட்டியல் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லித்தான் பாடம் ஆரம்பிக்கிறது. பெயர் வேண்டும்தான், ஆனால் அது கடைசியில் வந்தால் போதும். முதலில் செய்ய வேண்டியது, சந்தேகப்படும் இடத்தை வரியிலிருந்து எடுத்துவிட்டுச் சாதாரணமாக எழுதிப் பார்ப்பது. பிறகு இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். எது காணாமல் போகிறதோ அதை எழுதினால், அதுதான் விடை.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் புகழ்பெற்ற பாடலை எடுத்துக்கொள்வோம். 1794இல் அச்சேறியது. என் காதல், ஜூனில் புதிதாய் மலர்ந்த 'ரெட், ரெட் ரோஸ்' போன்றது என்று தொடங்கும். 'லைக்' இருக்கிறது, ஆகவே சிமிலி. இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அணியை எடுத்துவிடுங்கள்: "என் காதலி அழகானவள்." என்னென்ன போயிற்று? சிவப்பு போயிற்று, ஒரு தடவை சொன்னது போதாமல் அதையே மறுபடி சொல்லும் அந்த ஆசை போயிற்று. 'புதிதாய்' என்பதில் இருந்த இளமை போயிற்று. இன்னொன்றும் போயிற்று, அதைப் பலர் கவனிப்பதில்லை. ரோஜா வாடிவிடும். ஜூனும் முடிந்துவிடும். அதே பாடலில் சற்றுத் தள்ளி, கடல்கள் வற்றும்வரை உன்னைக் காதலிப்பேன் என்கிறார். அது ஹைப்பர்போலி, நம் உயர்வு நவிற்சி. வாடும் பூவை முதலில் காட்டிவிட்டு அப்புறம் வற்றாத கடலைக் காட்டுவதால், அந்தச் சத்தியத்தில் ஒரு பதற்றம் தெரிகிறது. இதை இரண்டு வாக்கியத்தில் எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

'லைக்', 'ஆஸ்' கண்ணில் பட்டதும் சிமிலி என்று எழுதிவிடாதீர்கள். 'அவள் தன் அக்காவைப் போல ஓடுகிறாள்' என்பது வெறும் ஒப்பீடு. இரண்டும் ஒரே இனம். 'மானைப் போல ஓடுகிறாள்' என்றால்தான் அணி. மெட்டஃபருக்கும் (உருவகம்) இதே கணக்குதான், 'போல' மட்டும் மறைந்துவிடும். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வாழ்க்கையை 'வாக்கிங் ஷேடோ' (நடமாடும் நிழல்) என்கிற இடத்தில் மூன்று கேள்வி போடுங்கள். எதைப் பற்றிப் பேச்சு? எதைக் கொண்டுவந்து வைத்தார்கள்? இரண்டுக்கும் பொதுவானது எது? வாழ்க்கை, நிழல், கைக்கு அகப்படாத தன்மை. மூன்றாவதற்குப் பதில் கிடைத்துவிட்டால் அதுவே விடையின் நடுப்பகுதி.

சொற்பொழிவுக் கலையின் உத்திகளுக்கு வந்தால், ஜூலியஸ் சீசர் நாடகத்தின் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியைத் தாண்டிப் போக எனக்கு இஷ்டமில்லை. ஆண்டனியின் பேச்சு ஒன்றிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். சூழ்நிலையை மறக்காதீர்கள்: சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் இப்போதுதான் பேசிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போயிருக்கிறான். அவனைப் பற்றி இங்கே தப்பாகப் பேசாமல் இருப்பதே நல்லது என்று கூட்டத்தில் ஒருவன் சொல்லியும் விடுகிறான். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று ஆண்டனி, புரூட்டஸ் ஓர் 'ஆனரபிள் மேன்' (மதிப்புக்குரியவன்) என்கிறான். முதல் தடவை அது மரியாதையாகவே கேட்கிறது. அப்புறம் ஒரு சான்று சொல்கிறான்: சீசர் பிடித்துவந்த கைதிகளின் மீட்புப் பணம் பொதுக் கருவூலத்துக்குப் போயிற்று. மறுபடி 'ஆனரபிள் மேன்'. ஏழைகள் அழுதபோது சீசரும் அழுதான். மறுபடி அதே வரி. மூன்று முறை கொடுத்த கிரீடத்தை வேண்டாம் என்றான், மறுபடியும் அதே. சொல் மாறவில்லை, அதன் பொருள் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் புளித்துக்கொண்டே போகிறது. கடைசியில், அவர்கள் துரோகிகள் என்று கத்துவது ஆண்டனி இல்லை, கூட்டம்.

இப்போது நம் சோதனையைப் போடுங்கள். திரும்பச் சொல்வதை எடுத்துவிட்டு, "புரூட்டஸ் அயோக்கியன்" என்று நேரடியாகச் சொன்னால் என்ன ஆகும்? அவனை அடித்தே துரத்தியிருப்பார்கள். ஆக, இங்கே வெர்பல் ஐரனி (சொல்வது ஒன்று, உணர்த்துவது அதற்கு எதிரானது) பேசுகிறவனின் உயிரைக் காக்கிற கவசம். 'ஐரனி இருக்கிறது' என்பதற்கும் இப்படிச் சொல்வதற்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்.

கேட்பவரை இணங்கவைக்க அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வழிகளும் இதே பேச்சில் கிடைக்கின்றன. சீசர் என் நண்பன், எனக்கு நேர்மையாக இருந்தவன் என்று தன் யோக்கியதையை முன்வைப்பது ஈதோஸ். கருவூலம், கிரீடம் என்று சான்று அடுக்குவது லோகோஸ். குத்துப்பட்ட மேலங்கியைக் காட்டிக் கண்ணீர் வரவழைப்பது பேதோஸ். இந்த மூன்றையும் தனித்தனிப் பெட்டியாக நினைக்க வேண்டாம். நல்ல பேச்சாளர் ஒரே வாக்கியத்தில் மூன்றையும் கலந்துவிடுவார்.

மற்றவற்றில் குழம்பும் இடங்களை மட்டும் வேகமாகப் பார்த்துவிடலாம். அலிட்டரேஷன் ஒலி சம்பந்தப்பட்டது. மோனை பார்த்துப் பழகிய கண் எழுத்தைத் தேடும். ஆங்கிலத்தில் காதால்தான் தேட வேண்டும். 'சிட்டி' (city), 'கேட்' (cat) இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் கிடையாது. 'ஃபோன்' (phone), 'ஃபிஷ்' (fish) எழுத்தில் வேறு, ஒலியில் ஒன்று; அதனால் சரி. ஜூலியட்டின் 'ஸ்வீட் சாரோ' (இனிய துயரம்) மாதிரி எதிரெதிர்ச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நின்றால் ஆக்சிமொரான். வேர்ட்ஸ்வொர்த், குழந்தையே மனிதனின் தந்தை என்பது போல ஒரு முழுக் கருத்தே முரண்பட்டு, யோசித்தால் உண்மையாக இருந்தால் பாரடாக்ஸ். சர்ச்சில் 1940 ஜூன் 4 அன்று 'வீ ஷல் ஃபைட்' என்றே அடுத்தடுத்த தொடர்களை வரிசையாக ஆரம்பித்தது அனஃபரா. 1863இல் லிங்கன் 'பீப்பிள்' என்ற சொல்லில் மூன்று தொடர்களையும் முடித்தது எபிஸ்ட்ரஃபி.

கயாஸ்மஸ் என்ற பெயர் பயமுறுத்தும், விஷயம் எளிது. நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நீ நாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேள் என்று 1961 பதவியேற்பு உரையில் கென்னடி சொன்னாரே, அதுதான். நாடு, நீ, நீ, நாடு. சொற்கள் இடம் மாறும்போது, கேட்கிறவரும் வாங்குகிற பக்கத்திலிருந்து கொடுக்கிற பக்கத்துக்கு வந்துவிடுகிறார். இந்த நகர்வை எழுதுங்கள்.

சரி, தேர்வில் முன்பின் பார்க்காத ஒரு கவிதை வருகிறது. பேனாவை எடுக்காமல் ஒரு தடவை பொருளுக்காக மட்டும் படியுங்கள். இரண்டாம் தடவை, பேச்சு வழக்கமான தடத்தை விட்டு விலகும் இடங்களில் கோடு போடுங்கள்: தேவைக்கு மேல் திரும்பும் சொல், உயிரில்லாத ஒன்று செய்யும் மனிதச் செயல், திடீரென்று வெட்டிக் குறுகும் வரி. கோடு போட்டதில் இரண்டோ மூன்றோ போதும். ஏழு அணிகளைப் பெயர் சொல்லி அடுக்கிய விடையைவிட, இரண்டைத் தோண்டிய விடையை நான் எப்போதும் மேலாக மதிப்பேன்.

எழுதும்போது அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் காட்டுங்கள். முழு வரியையும் காப்பி அடிக்க வேண்டாம். 'அழகு', 'எஃபெக்டிவ்' இரண்டுக்கும் தடை போட்டுக்கொண்டு, வினைச்சொல் தேடுங்கள்: கேலி செய்கிறது, அவசரப்படுத்துகிறது, மறைக்கிறது, தயங்குகிறது. பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லையா? 'அனஃபரா' தெரியாவிட்டால், வரி தொடக்கத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதிவிட்டு அது என்ன செய்கிறது என்பதற்குப் போய்விடுங்கள். பெயரைத் தப்பாகப் போடுவதைவிட அது பாதுகாப்பானது, பக்கமும் வீணாகாது.