பேக்கேஜ் டிராக்கர் எழுதுறவங்க விழுற குழி: ஃபைல்ல காணோம்னா டிலீட்

போன வாரம் டீம்ல புதுசா சேர்ந்த பையனோட இம்போர்ட் ஸ்கிரிப்டை ரிவியூ பண்ணேன், வயித்துல புளி கரைச்சுது. அஞ்சு வருஷம் முன்னாடி நான் எழுதினது அப்படியே வரிக்கு வரி இருக்கு, இத்தனைக்கும் அவன் என் கோடைப் பார்த்ததே இல்ல. பேக்கப் எடுங்க, பாஸ்வேர்டை கோடுக்குள்ள வைக்காதீங்கன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

எங்களுது டெபியன் (ஒரு லினக்ஸ் ஓஎஸ்) பேக்கேஜ்களை, அதாவது அதுல இன்ஸ்டால் பண்ற சாஃப்ட்வேரை, டிராக் பண்ற சின்ன சர்வீஸ். எந்த ரிலீஸ்ல எது என்ன வெர்ஷன்ல இருக்குன்னு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல வெச்சிருப்போம், வெர்ஷன் மாறினா சப்ஸ்கிரைப் பண்ணவங்களுக்கு மெயில் போகும்.

ஃபைல்ல இல்லைன்னா டிலீட்

இதை நினைச்சா இன்னைக்கும் எரிச்சல் வருது. மிரர்ல (டெபியன் ஃபைல்களோட நகல் சர்வர்) இருந்து பேக்கேஜ் பட்டியலான சோர்ஸஸ் ஃபைலை இறக்கி, அதோட சுருக்கத்தை எக்ஸ்இசட்கேட்ல விரிச்சு, பைப் போட்டு, படிச்சுப் பிரிக்கிற பார்சருக்குத் தள்ளுவோம், டேபிள்ல இருந்து ஃபைல்ல இல்லாத பேக்கேஜை டிலீட் பண்ணுவோம். கேக்க சரியாத்தானே இருக்கு? ஒரு நாள் ராத்திரி டவுன்லோட் பாதியில அறுந்துடுச்சு. எக்ஸ்இசட் கத்தத்தான் செஞ்சுது, ஆனா பைப்ஃபெயில்ங்கிற ஆப்ஷனை செட் பண்ணலைன்னா ஷெல் கடைசி கமாண்டோட எக்ஸிட் கோடை (சரியா முடிஞ்சுதான்னு சொல்ற எண்) மட்டும்தான் பார்க்கும், கடைசி கமாண்ட் நம்ம பார்சர், அது ஜம்முனு முடிச்சுது. ஏன்னா அந்த ஃபைல்ல ஒவ்வொரு பேக்கேஜும் தனித்தனி பாரா, நடுவுல ஒரு காலி வரி, எங்க வெட்டினாலும் மேல இருக்கிறது ஒழுங்கா பார்ஸ் ஆகிடும். ஜேசனா இருந்தா மூடாத பிராக்கெட்னு அழுதிருக்கும். ஏ-ல ஆரம்பிச்சு எம் வரைக்கும் வந்துச்சு, அதுக்கு அப்புறம் வர்ற போஸ்ட்கிரெஸ், விம் பேக்கேஜ் எல்லாம் காலி.

அதோட போயிருந்தா பரவாயில்ல. சப்ஸ்கிரிப்ஷன் டேபிள்ல பேக்கேஜ் ஐடிக்கு ஃபாரின் கீ (பேக்கேஜ் டேபிளோட இணைப்பு), அதுல ஆன் டிலீட் கேஸ்கேட், அதாவது அங்க அழிச்சா இங்கயும் அழியும். நீட்டா இருக்கும்னு நான்தான் போட்டேன்! பேக்கேஜ் ரோ போச்சு, கூடவே அதை சப்ஸ்கிரைப் பண்ணவங்களும் போயாச்சு. காலைல அடுத்த இம்போர்ட் ஒழுங்கா ஓடி எல்லா பேக்கேஜும் புது ஐடியோட திரும்பி வந்துச்சு, டாஷ்போர்டு பச்சைப் பசேல்னு இருக்கு, மெயில் வாங்கத்தான் ஆள் இல்ல. நாலு நாள் கழிச்சு ஒருத்தர் "அண்ணா, விம் மெயில் வரவே இல்லையே"ன்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது. (பேக்கேஜ் போச்சுன்னு மெயில் அனுப்புற ஃபீச்சர் அப்ப இல்ல, இருந்திருந்தா அன்னைக்கு ராத்திரியே திட்டு விழுந்திருக்கும்.) பேக்கப்ல பழைய ஐடி, டேபிள்ல புது ஐடி, பேரை வெச்சு ஒவ்வொண்ணா ஒட்டுறதுக்குள்ள ரெண்டு நாள் போச்சு.

இப்ப, மிரர்ல இருக்கிற ரிலீஸ் ஃபைல்ல, சோர்ஸஸ் மாதிரி ஒவ்வொரு இன்டெக்ஸ் ஃபைலோட சைஸும் எஸ்ஹெச்ஏ256-ம் (ஃபைலோட கைரேகை மாதிரி) இருக்கும், அது ஒத்துப் போகலைன்னா இம்போர்ட் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. அப்புறம் ஸ்டேஜிங் டேபிள்னு ஒரு தற்காலிக டேபிள், அங்க எண்ணிப் பார்த்து முந்தின தடவையை விட 2 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடும். மெயின் டேபிளுக்கு ஒரே டிரான்சாக்ஷன்ல போகும், முழுசா போகும், இல்லைன்னா எதுவுமே போகாது. டிலீட்ங்கிற பேச்சே கிடையாது, "கடைசியா பார்த்த தேதி"ன்னு ஒரு ஃபீல்ட் மட்டும். கேஸ்கேட் இருந்த இடத்துல ரெஸ்ட்ரிக்ட், சப்ஸ்கிரைப் பண்ணவங்க இருந்தா பேக்கேஜை அழிக்க விடாது.

வெர்ஷனை டெக்ஸ்டா சார்ட் பண்றது

1.10 பெருசா 1.9 பெருசான்னு டெக்ஸ்ட் கிட்ட கேட்டா 1.9-ம்பான். அது தெரிஞ்சு புள்ளி புள்ளியா பிரிச்சு நம்பராக்கி ஒரு ஃபங்ஷன் எழுதுவீங்க, அதுவும் தப்பு. 2.0~பீட்டா1 வந்து 2.0-க்கு முன்னாடி வரணும், டில்டாக்கு (~) அதான் வேலை. டெபியன் 12-ல விம் வெர்ஷன் 2:9.0-ன்னு ஆரம்பிக்கும், அந்த 2: எபாக், அதுதான் எல்லாத்துக்கும் முந்தி பார்க்கணும். போஸ்ட்கிரெஸ்க்கு டெப்வெர்ஷன்னு எக்ஸ்டென்ஷனே இருக்கு, போட்டுக்கோங்க.

சோர்ஸும் பைனரியும் ஒரே டேபிள்ல

வேணாம். சோர்ஸ்னா மூலக் கோடு பேக்கேஜ், பைனரின்னா அதுல இருந்து கட்டி இன்ஸ்டால் பண்றது, பேரும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. பைத்தான்3-ஜாங்கோங்கிற பைனரி வர்றது பைத்தான்-ஜாங்கோங்கிற சோர்ஸ்ல இருந்து.

லைவ் டேபிள்ல இன்டெக்ஸ்

இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்குற பட்டியல்) கட்டுறப்ப கன்கரன்ட்லின்னு சேர்த்துக்கோங்க, இல்லைன்னா அது முடியிற வரைக்கும் டேபிள்ல எதுவும் எழுத முடியாது.

ஓஎஸ் அப்கிரேடு பண்ணிட்டு சும்மா இருக்கிறது

டெபியன் 9-ல இருந்து 10-க்கு போனப்ப ஜிலிப்சி (ஓஎஸ்ஸோட அடிப்படை சி லைப்ரரி) 2.28 வந்துச்சு, எழுத்து வரிசைப்படுத்துற விதியே மாறிடுச்சு. டெக்ஸ்ட் மேல இருந்த இன்டெக்ஸ் எல்லாம் பழைய விதிப்படி கட்டினது, அதனால ரோ இருக்கும், தேடினா கிடைக்காது, யூனிக்னு போட்ட ஃபீல்ட்ல டூப்ளிகேட் ஏறும். சி கொலேஷன்ல (பைட் மதிப்பை வெச்சே வரிசைப்படுத்துறது) இருந்தா தப்பிச்சீங்க, இல்லைன்னா ரீஇன்டெக்ஸ் அடிச்சுட்டு தூங்கப் போங்க.