க்ரீம் ஊற்றாமலே வழவழப்பான பட்டர்நட் ஸ்குவாஷ் சூப்

அக்டோபர் பிறந்தால் போதும், பாஸ்டனுக்கு மேற்கே நாங்கள் இருக்கும் பகுதியில் பண்ணைக் கடை வாசலெல்லாம் ஸ்குவாஷ் குவியல்தான். அதில் பட்டர்நட் இந்த மண்ணிலேயே பிறந்த காய். 1940களில் சார்லஸ் லெகட் என்பவர் இங்கே ஸ்டோ என்ற சிற்றூரில் உருவாக்கியது. பிறகு வந்த வால்தம் பட்டர்நட் ரகத்தின் பெயரும் பக்கத்து ஊரான வால்தமுடையதுதான். ஈரோட்டில் நாங்கள் அரசாணிக்காய் என்போமே, மற்ற ஊர்களில் பரங்கி, சர்க்கரைப் பூசணி என்பார்களே, அதுவும் இதுவும் ஒரே இனம். முதல்முறை வெட்டியபோது வந்த வாசனையே சொல்லிவிட்டது.

அந்த வாசனையை நம்பித்தான் இரண்டு வருடம் தப்பாகச் செய்தேன். அரசாணிக்காய்க்குச் செய்வதுபோலவே தோல் சீவி, துண்டு போட்டு, குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீரோடு இரண்டு விசில், அப்புறம் மிக்ஸி. வந்தது வெளிறிப்போன, தண்ணியான, நாக்கில் நரநரவென்று தட்டும் ஒரு கரைசல். அதைத் தேற்றுவதற்கு ஒரு கப் ஹெவி க்ரீம் ஊற்றுவேன். ஒரு கப் க்ரீம் என்றால் சுமார் 800 கலோரி. காய்கறி சூப் குடிக்கிறோம் என்ற நினைப்பில் அதைக் குழந்தைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருடம்தான் பிடிபட்டது. வழவழப்பு காய்க்குள்ளேயே இருக்கிறது. முதலில் காயின் தண்ணீரை அடுப்பில் வெளியேற்றிவிட வேண்டும். பிறகு நமக்கு வேண்டிய அளவு மட்டும் திருப்பிச் சேர்க்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

தேவையானவை (நான்கு பேருக்கு)

பட்டர்நட் ஸ்குவாஷ் ஒன்று, 1.2 கிலோ அளவில். பெரிய வெங்காயம் ஒன்று. ஒரு முழுப் பூண்டு. சின்னப் புளிப்பு ஆப்பிள் ஒன்று (நான் மெக்கின்டாஷ் போடுகிறேன்). ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. கட்டைவிரல் நுனி அளவு இஞ்சி. முந்திரி பத்து, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறியது. உப்பு, மிளகு, அரை எலுமிச்சம்பழம். மேலே போட ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும், சேஜ் (sage) என்ற வாசனை மூலிகையின் ஏழெட்டு இலையும்.

முந்திரி கட்டாயமில்லை. ஆனால் எண்ணெயை விட்டுவிடாதீர்கள். ஸ்குவாஷுக்கு அந்த ஆரஞ்சு நிறத்தைத் தரும் பீட்டா கரோட்டினைத்தான் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. அது உடம்பில் சேரக் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும்.

1. காய் வாங்குவது

கழுத்து நீளமாகவும் பருமனாகவும் இருக்கும் காயை எடுங்கள். விதையெல்லாம் அடிக்குண்டில்தான், கழுத்து முழுக்கச் சதை. தோலில் பச்சைக் கோடு இருந்தால் முற்றாத காய். பளபளப்பும் கூடாது, மங்கலாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும்.

அறுத்தவுடன் விற்பனைக்கு வரும் காயில் மாவுச்சத்து அதிகம், இனிப்பு குறைவு. குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் சில வாரம் இருந்தால் அந்த மாவு மெல்ல மெல்லச் சர்க்கரையாகும். அதனால் அக்டோபர் தொடக்கத்தில் செய்யும் சூப்புக்கு ஆப்பிள் அவசியம். டிசம்பரில் அதே காய்க்கு ஆப்பிளே வேண்டாம், எலுமிச்சையை மட்டும் கொஞ்சம் கூட்டினால் போதும். முழுக் காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

2. வெட்டுவது

தோல் சீவ வேண்டாம். சுட்ட பிறகு தானே கழன்றுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. பச்சையாகச் சீவும்போது கசியும் பால் சிலருக்குக் கையில் காய்ந்து, தோல் இறுகி உரிவதுபோல் ஆகிவிடும். எனக்கு அப்படி ஆனது. எத்தனை முறை சோப்புப் போட்டும் அன்று இரவு வரை விரல் நுனிகள் பசை தடவினமாதிரியே இருந்தன.

வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள், நகராது. முதலில் கழுத்தும் குண்டும் சேரும் இடத்தில் குறுக்கே வெட்டி இரண்டாக்குங்கள். இப்போது ஒவ்வொன்றும் தட்டையான பக்கத்தில் நிற்கும். நிறுத்திவைத்து மேலிருந்து கீழே பிளந்தால் கத்தி வழுக்காது. எட்டு அங்குல நீளமுள்ள கனமான கத்திதான் இதற்குச் சரி. காய்கறி நறுக்கும் சின்னக் கத்தி பாதியில் மாட்டிக்கொள்ளும், அங்கேதான் கை வெட்டுப்படும். கத்தி இறங்கவே இல்லை என்றால் காயை முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வையுங்கள், கொஞ்சம் இளகும். விதையை ஒரு கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள்.

3. சுடுவது

ஓவனை 220 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 425 ஃபாரன்ஹீட்டுக்கு, நன்றாகச் சூடேற்றுங்கள். தட்டில் பேக்கிங் தாள் விரித்து, வெட்டிய பக்கத்தில் எண்ணெயும் உப்பும் தடவி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். தட்டோடு ஒட்டியிருக்கும் பக்கம்தான் சிவக்கும், அந்தச் சிவப்புதான் சூப்பின் ருசி. பூண்டின் தலையை மட்டும் சீவி, துளி எண்ணெய் விட்டு, அலுமினியத் தாளில் சுற்றி ஓரத்தில் வைத்துவிடுங்கள். வெங்காயத்தையும் ஆப்பிளையும் நான்காக வெட்டி வைத்திருந்து, இருபது நிமிடம் கழித்துப் போடுங்கள். முதலிலேயே போட்டால் கருகும்.

மொத்தம் 45 முதல் 55 நிமிடம். கடிகாரத்தை நம்பாமல் காயைப் பாருங்கள். தோல் சுருங்கி, ஆங்காங்கே கொப்பளம் எழும்பியிருக்கும். சதையைத் தொடும் விளிம்பில் பாகுபோல் ஒரு சாறு கசிந்து, தாளில் பழுப்பு நிறத்தில் குமிழிட்டு, கம்பிப் பதத்துக்கு வந்திருக்கும். கழுத்தின் பருமனான இடத்தில் கத்தியை வைத்தால், அழுத்தாமலே இறங்க வேண்டும். குண்டுப் பகுதி மெல்லிசு, முன்னாலேயே வெந்துவிடும். அதைக் குத்திப் பார்த்து ஏமாறக் கூடாது. நான் ஒருமுறை அப்படித்தான் 35 நிமிடத்தில் எடுத்தேன். நடுக்கழுத்து அரைவேக்காடு. எவ்வளவு அரைத்தும் நரநரப்பு போகவில்லை.

அடுத்தது எந்தச் சமையல் குறிப்பிலும் நான் பார்க்காத வேலை, ஆனால் என் சூப்பை மாற்றியது இதுதான். வெந்தவுடன் அடுப்பை அணைத்து, காயைப் புரட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்தபடி விட்டு, பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். புரட்டியவுடன் சதையிலிருந்து ஆவி குபுகுபுவென்று எழும். அத்தனையும் தண்ணீர். இதைச் செய்யாமல் கவிழ்ந்தபடியே ஆறவிட்டால் அந்த ஆவி திரும்பச் சதைக்குள்ளேயே இறங்கிவிடும். 1.2 கிலோ காய்க்கு, தோலும் விதையும் போக, என் தராசில் கடைசியில் 750 கிராம் சதை நிற்கிறது. கரண்டியால் வழித்தால் அல்வாபோல் சேர்ந்து வர வேண்டும், கொழகொழவென்று ஒழுகக் கூடாது.

அரைப்பதற்கு முன் ஒரு துளி சதையை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் தூக்கிப் போடுங்கள். குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள்தான் அந்தக் கசப்பு, சமைத்தாலும் போகாது. கடைக்காயில் அபூர்வம். வீட்டுத் தோட்டத்தில் எடுத்துவைத்த விதையிலிருந்து வந்த காயென்றால் கட்டாயம் ருசி பார்க்க வேண்டும்.

4. அரைப்பது

சதை, வெங்காயம், தோல் உரித்த ஆப்பிள், இஞ்சி, முந்திரி, பிதுக்கி எடுத்த பூண்டு. இதோடு முதலில் ஒன்றரைக் கப் வெந்நீர் மட்டும். கெட்டியாக இருக்கும்போதே முழு வேகத்தில் இரண்டு நிமிடம் அரையுங்கள். நடுவில் நிறுத்தி ஓரத்தை வழித்துவிடுங்கள். முதலிலேயே தண்ணீரை ஊற்றிவிட்டால் நார்கள் பிளேடில் சிக்காமல் தண்ணீரோடு சுற்றிக்கொண்டே இருக்கும். மழமழவென்று ஆன பிறகு இன்னும் அரைக் கப் முதல் ஒன்றரைக் கப் வரை, பதம் பார்த்துச் சேருங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் படிந்து, விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது மேசையில் வைக்கும் பெரிய பிளெண்டர்தான். பாத்திரத்துக்குள்ளேயே விட்டு அரைக்கும் கை பிளெண்டர் கழுவ லேசு, ஆனால் அந்தப் பட்டுப்போன்ற வழவழப்பு அதில் வருவதில்லை. நம்ம ஊர் மிக்ஸிக்கு வலு போதும்; ஆனால் மூடி இறுக்கமானது. சூடாகப் போட்டால் ஆவி அடைபட்டு மூடியைத் தள்ளிவிடும். என் மணிக்கட்டில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. மிக்ஸியென்றால் எல்லாவற்றையும் ஆறவைத்து, தண்ணீரையும் ஆறியதாகவே ஊற்றி அரைத்து, பிறகு அடுப்பில் சூடாக்குங்கள். பிளெண்டரில் சூடாக அரைப்பதென்றால் பாதி ஜாருக்கு மேல் போகாதீர்கள். மூடியின் நடுத்துளையைத் திறந்து, மேலே மடித்த துணியை வைத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவான வேகத்தில் தொடங்குங்கள்.

5. முடிப்பது

குறைந்த தீயில் ஐந்து நிமிடம் சூடாக்கி, உப்பும் மிளகும் இப்போது சரிபாருங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். இதை விட்டுவிட்டால் சூப் பாயசம் பக்கம் சாய்ந்துவிடும். வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கும் நேரத்தில் சேஜ் இலைகளைப் போட்டால் அரை நிமிடத்தில் மொறுமொறுப்பாகும். அந்த வெண்ணெயோடு சேர்த்து மேலே ஊற்றுங்கள். இந்த ஊர் மணம் அந்த இலையில்தான். கறிவேப்பிலையும் தாளித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது, ஆனால் அது வேறு சூப்.

பின்சேர்க்கை

கோவையிலிருந்து ஒரு வாசகி, பட்டர்நட் கிடைக்கவில்லை, ஓவனும் இல்லை என்று எழுதியிருந்தார். பரங்கிக்காயிலேயே செய்யலாம், ஆனால் அதில் தண்ணீர் இன்னும் அதிகம். விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, கனமான இரும்புக் கடாயில் எண்ணெய் விட்டு, மூடி போடாமல், நடுத்தரத் தீயில் திருப்பித் திருப்பி வதக்குங்கள். அரை மணி நேரம் ஆகும். ஓரமெல்லாம் சிவந்து, கரண்டியால் நசுக்கினால் மசிய வேண்டும். அவர் செய்து பார்த்துவிட்டு, ஒன்றரைக் கப் தண்ணீருக்கு மேல் தேவைப்படவில்லை என்று சொன்னார்.

ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்கள் பலர் கேட்டார்கள். ஒரு அங்குலத் துண்டுகளாக, 190 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். கூடையை நிரப்பாமல் இரண்டு ஈடாகப் போடுங்கள், நிரப்பினால் ஆவியில் வெந்துவிடும்.

மறுநாள் சூப் களிபோல் இறுகிவிட்டது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கெட்டுப்போகவில்லை, ஆறினால் அப்படித்தான் இறுகும். சூடாக்கும்போது கால் கப் வெந்நீர் ஊற்றிக் கிளறினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைப்பதென்றால் எலுமிச்சையும் சேஜும் சேர்க்கும் முன்பே எடுத்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்துச் சூடாக்கி, அப்போது பிழிந்துகொள்ளலாம்.