பிடிஎஃப் கோப்பில் தமிழ் சிதைவது: நாம் வழமையாக விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்து அச்சகங்களில் அந்தியேட்டி என்னும் ஈமச்சடங்குக்கு அடிக்கும் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுநூல், இன்று வெளிநாட்டு உறவினருக்குப் பிடிஎஃப் கோப்பாகவும் போகிறது. எழுத்து உடையவில்லை என்று திரையில் பார்த்தவுடனே அனுப்பிவிடுவதுதான் முதற்பிழை. பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் எவரும் கண்டுகொள்வர். பார்வைக்குச் சரியாயிருந்து உள்ளே பிழையாயிருக்கும் கோப்பே வில்லங்கமானது. ஆதலால் ஒரு வரியைப் பிரதிசெய்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்த பின்பே அனுப்ப வேண்டும்.

ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சிட்ட 'அம்மா' என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள் மட்டுமே. எழுத்துருவைக் கோப்பினுள் பொதிக்காவிட்டால் அக்குறிகளே வெளியில் தெரியும்; பொதித்தாலும், இறந்தவரின் பெயரைத் தமிழில் தேடினால் அகப்படாது. முடிந்த கோப்பைத் திருத்த முயலாமல், மூலத்தை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி மீண்டும் உருவாக்குவதே வழி. மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கிலப் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் விலக்கிவைக்காவிட்டால் அவையும் தமிழாகிச் சிதைந்துவிடும்.

ஒருங்குறிக்கு வந்தவர்கள் அடுத்து இடறுவது, பிடிஎஃப் உருவாக்கும் நிரலகத்தை (ஆயத்த நிரல்தொகுப்பை) தெரிவதில். ஒருங்குறியில் 'தெ' என்பது முதலில் தகரமாகவும் பிறகு ஒற்றைக்கொம்பாகவும் சேமிக்கப்படுவதால், கொம்பை முன்னே நகர்த்துவது எழுத்துக்களைக் கோக்கும் மென்பொருட் பகுதியின் வேலை. டோம்பிடிஎஃப் என்னும் நிரலகம் அதைச் செய்வதில்லை. ஆகவே 'தெல்லிப்பழை' என்று கொடுத்தால் கொம்பு தகரத்தை விட்டு லகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். எம்பிடிஎஃப் என்னும் நிரலகம் செய்யும், ஆனால் பயன்படுத்தும் எழுத்துருவுக்கு, கோப்பதை இயக்கும் யூஸ்ஓடிஎல் அமைப்பை இயக்கியிருக்க வேண்டும்.

கோத்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பலரும் கவனிக்காதது இதைத்தான். கோப்பில் எழுத்துருவங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் அடுக்கப்படுவதால், அதே ஊர்ப்பெயரைப் பிரதிசெய்தால் 'ெதல்லிப்பைழ' என்று வரக்கூடும், தேடலிலும் அகப்படாது. உருவத்துக்கும் ஒருங்குறிக்குமான டூயூனிகோட் அட்டவணை ஒவ்வோர் உருவத்தையும் தனித்தனியே பெயர்க்குமேயன்றி வரிசையை மாற்றாது. மூலச்சொல்லை ஆக்சுவல்டெக்ஸ்ட் என்னும் மறைகுறிப்பாக உடன் எழுதிவைத்தால், அதனை மதிக்கும் வாசிப்பிகளில் இது தீரும். ஸீடெக் என்னும் பக்க அமைப்பு மென்பொருளில் அதற்கான அமைப்பு உண்டு.

பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்னும் சிறு கருவி, எழுத்துரு பொதிந்துள்ளதா என்பதை 'எம்ப்' என்னும் நெடுவரிசையிலும், டூயூனிகோட் அட்டவணை உண்டா என்பதை 'யூனி' என்னும் நெடுவரிசையிலும் காட்டும். பின்னதில் 'யெஸ்' என்றிருந்தாலும் வரிசை சரியென்று பொருளல்ல. எழுத்தையெல்லாம் கோட்டுருவமாக, அதாவது தேடமுடியாத வெறும் வரைவாக, மாற்றிவிடும் அச்சக வழக்கம் தாளுக்குப் போதும். உறவினருக்கு அனுப்பும் பிரதியை அதற்கு முந்திய கோப்பிலிருந்து தனியே எடுக்க வேண்டும்.