எந்த ஆக்சென்ட் இனிமை? நீங்களே செய்து பார்க்கும் ஒரு காது சோதனை

உலகிலேயே கவர்ச்சியான ஆக்சென்ட் எது என்று பட்டியல் போடும் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. எனக்கும் படிக்கப் பிடிக்கும். ஆனால் ஒரு குரலைக்கூட யாருக்கும் போட்டுக் காட்டாமலே இப்படிப் பட்டியல் போட்டுவிட முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

பிரிட்டனில் பிபிசிக்காக நடந்த ஒரு பெரிய இணையக் கணிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 34 ஆக்சென்ட்களுக்கு 5,010 பேர் மதிப்பெண் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரப் பேச்சு கடைசி இடத்துக்குப் போனது. 'என் பேச்சைப் போலவே இருக்கும் பேச்சு' என்பதற்கு இனிமையில் நல்ல மதிப்பெண். இதில் எந்த ஒலியும் யாருக்கும் போடப்படவில்லை. திரையில் பெயர் இருக்கும், அதைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும், அவ்வளவுதான். பேச்சின் மீது மக்களுக்கு இருக்கும் பிம்பத்தை அளக்க அது நல்ல வழி. காதுக்கு எது இனிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் காதில்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கைப்பேசியும் இருபது நண்பர்களும் இருந்தால் போதும். வாருங்கள்.

படி 1: ஆக்சென்டைத் தனியாகப் பிரியுங்கள்

ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் வேறுவேறு விதமாக ஒலிப்பதுதான் ஆக்சென்ட். சொல்லே மாறினால் அது வட்டார வழக்கு. கனமான குரல், கீச்சுக் குரல், மூச்சு கலந்த குரல் எல்லாம் அவரவர் தொண்டையின் சமாச்சாரம். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் சோதனை அங்கேயே முடிந்தது.

நான் முதல் முறை செய்தபோது இதில்தான் சறுக்கினேன். மூன்று நண்பர்கள், மூன்று ஆக்சென்ட். ஒருவருக்கு மதிப்பெண் கொட்டியது. அந்த ஆக்சென்ட்தான் ஜெயித்தது என்று கொஞ்ச நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் அதே ஆக்சென்டில் இன்னொருவரைப் பேச வைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் ஆளுக்கு வானொலிக் குரல், அவ்வளவுதான் விஷயம்.

படி 2: கேள்வியை இரண்டாக உடையுங்கள்

'இந்தப் பேச்சு பிடிக்கிறதா?' என்று கேட்டால் பதில் குழம்பும். 'இவர் படித்தவர், வசதியானவர்' என்று தோன்றுவது ஒன்று. 'இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம் போலிருக்கிறது' என்று தோன்றுவது இன்னொன்று. முதலாவதை மதிப்பு என்றும் இரண்டாவதை இனிமை என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ஆக்சென்டுக்கே கிடைக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. செய்தி வாசிப்பவரின் பேச்சு முதலாவதில் அள்ளிவிட்டு இரண்டாவதில் தூங்கிவிடலாம்.

படி 3: ஒரே ஆளை இரண்டு ஆக்சென்டில் பேச வையுங்கள்

இதுதான் முழுச் சோதனைக்கும் உயிர். வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் கனடாவின் மாண்ட்ரியலில் செய்து 1960-ல் வெளியிட்ட உத்தி இது. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே சரளமாகப் பேசும் நான்கு பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரே பகுதியை இரண்டு மொழியிலும் வாசித்தார்கள். கேட்டவர்களோ ஒவ்வொரு குரலும் வேறுவேறு ஆள் என்றே நினைத்தார்கள். அதே தொண்டை ஆங்கிலத்தில் பேசியபோது ஆள் உயரமானவர், தோற்றமுள்ளவர், புத்திசாலி என்றெல்லாம் ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்குத் தோன்றியது. ஒலிப்பதிவை மட்டும் கேட்டு உயரத்தைக் கணிக்கிறார்கள் பாருங்கள்! பிரெஞ்சு பேசும் மாணவர்களும் பெரும்பாலும் ஆங்கிலக் குரலுக்கே கூடுதல் மதிப்பெண் கொடுத்ததுதான் ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது.

நமக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும், இரண்டு மொழிக்குப் பதிலாக இரண்டு ஆக்சென்டைச் சரளமாகப் பேசுபவர். ஓர் ஊரில் வளர்ந்து இன்னோர் ஊரில் பல வருடம் இருந்தவர்கள் இதற்குப் பொருத்தம். மிமிக்ரி செய்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் ஆக்சென்டைப் பேச மாட்டார்கள், கிண்டல் செய்வார்கள். பதிவு முடிந்ததும் அந்த ஆக்சென்டுக்குச் சொந்தக்காரர் ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் சிரித்தால் அந்தப் பதிவைத் தூக்கிப்போடுங்கள்.

அப்படி ஆளே கிடைக்கவில்லையா? ஒவ்வொரு ஆக்சென்டுக்கும் குறைந்தது மூன்று பேரைப் பேச வையுங்கள். வயதும் பாலினமும் ஒத்துப்போகட்டும். முதல் வழி அளவுக்குச் சுத்தமாக இருக்காது, ஆனாலும் ஒரு நல்ல குரல் முடிவைத் தன் பக்கம் இழுத்துவிடாது.

படி 4: பதிவு

வாசிக்க முப்பது வினாடி ஆகிற ஒரு பகுதி. ஒரு வீட்டுக்குப் போகும் வழி, அறையில் இருக்கும் பொருள்கள், இப்படிச் சப்பென்ற விஷயம் போதும். உணர்ச்சி, நகைச்சுவை, அரசியல் வேண்டாம். வட்டாரச் சொற்களும் வேண்டாம். எழுத்தைப் பார்த்து வாசித்தால் பலருக்கு ஆக்சென்டே மறைந்துவிடும் என்பதால் இரண்டு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

துணிகள் நிறைந்த அறையில் எதிரொலி குறையும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் எல்லாக் கிளிப்பின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே சிலருக்கு அந்தக் குரல் பிடித்துவிடும். வேகத்தையும் சுருதியையும் மென்பொருளில் தொடாதீர்கள். வேகம் சரியில்லை என்றால் திரும்பப் பேச வையுங்கள். குரல் கொடுப்பவரிடம் எதற்காக என்று சொல்லி அனுமதி வாங்குவதும் இந்தப் படியில்தான்.

படி 5: மதிப்பெண் தாள்

ஒவ்வொரு வரியிலும் எதிரெதிர்ச் சொற்கள் இரண்டு, நடுவில் 1 முதல் 7 வரை எண்கள். அன்பானவர் – கடுமையானவர், படித்தவர் – படிக்காதவர், நம்பலாம் – நம்ப முடியாது, கேட்க இனிமை – கேட்கச் சலிப்பு. நான்கைந்து வரிக்கு மேல் போனால் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு நான்கு நான்காகப் போட்டுவிடுவார்கள்.

தாளில் 'ஆக்சென்ட்' என்ற சொல்லே வரக்கூடாது. 'இவர் எப்படிப்பட்டவர்?' என்று மட்டும் கேளுங்கள். ஆக்சென்ட் பற்றி என்று தெரிந்த உடனே எல்லோரும் நல்ல பிள்ளைகளாகி 'எல்லாப் பேச்சும் அழகுதான்' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசி வரியில் ஒரு கேள்வி: 'இவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று நினைக்கிறீர்கள்?'

படி 6: போட்டுக் காட்டுதல்

எல்லோருக்கும் ஹெட்போன். ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றுங்கள். ஒரே ஆளின் இரண்டு பதிவுகளும் அடுத்தடுத்து வந்தால் குட்டு உடைந்துவிடும், நடுவில் வேறு இரண்டு மூன்று குரல்களைச் சொருகுங்கள். அவற்றின் மதிப்பெண்ணை அப்புறம் தூக்கிப்போட்டுவிடலாம்.

படி 7: முடிவைப் படித்தல்

ஒவ்வொரு வரிக்கும் சராசரி எடுங்கள். இருபது பேரை வைத்துக்கொண்டு 5.1-க்கும் 5.3-க்கும் சண்டை போட வேண்டாம். ஒரு முழுப் புள்ளி அளவுக்கு வித்தியாசம் வந்தால் கவனியுங்கள்.

சுவாரசியம் அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. ஒரே கிளிப்பைக் கேட்டு ஒரு பாதி 'தலைநகரத்துக்காரர்' என்றும் மறு பாதி 'எல்லைப்புறத்துக்காரர்' என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டு கூட்டத்தின் சராசரியையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். ஒலி ஒன்றேதான். மதிப்பெண் விலகினால், அவர்கள் போட்டது அவர்கள் மனதில் இருந்த ஊருக்கு.

ஒலிக்கு என்று சொந்த அழகு இல்லையா என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் 'கார்' என்ற சொல்லின் கடைசி 'ர்' ஒலியைப் பாருங்கள். இங்கிலாந்தில் அதை விழுங்கினால் கௌரவமான பேச்சு. நியூயார்க்கிலோ அதை உச்சரிப்பதுதான் கௌரவம் என்று வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1960-களில் அங்கே செய்த ஆய்வு காட்டியது. ஒரே ஒலி ஓரிடத்தில் கிரீடம், இன்னோரிடத்தில் கறை.

படி 8: மொழி தெரியாத காதுகளுக்குப் போடுங்கள்

நேரம் இருப்பவர்களுக்கு. ஏதென்ஸ் பேச்சு உயர்ந்தது, கிரீட் தீவின் பேச்சு கொச்சை என்பது கிரேக்கர்களிடையே இருந்த எண்ணம். 1974-ல் வெளியான ஓர் ஆய்வில் ஹோவர்ட் ஜைல்ஸும் பீட்டர் ட்ரட்கிலும் மற்றவர்களும் இந்த இரண்டையும் கிரேக்கமே தெரியாத பிரிட்டிஷ் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மாணவர்களுக்கு எது உயர்ந்தது என்றே பிடிபடவில்லை.

நீங்களும் உங்கள் கிளிப்களில் வித்தியாசம் பெரிதாக வந்த இரண்டை எடுத்து, அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத நான்கைந்து பேருக்குப் போடுங்கள். அதே தாள், அதே வரிகள். 'எந்தப் பக்கத்துக்காரர்' என்ற கேள்வியை மட்டும் எடுத்துவிடுங்கள்.