நல்ல சீனத் தேயிலையைக் கொழும்பில் கெடுக்காதீர்கள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மாடியில் அவ்வப்போது சிலர் கூடிச் சீனத் தேயிலை சுவைக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கொண்டுவரும் பொட்டலத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிடுகிறது, பழைய ஆட்களான நாங்கள் காசைத் தொலைத்த அதே இடத்தில்தான் இவர்களும் தொலைத்திருக்கிறார்கள் என்று. பால் ஊற்றாதீர்கள், சீனி போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு வாரத்தில் தாமாகவே பிடிபட்டுவிடும். நல்ல இலையும் பணமும் சேர்ந்து வீணாகும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

நம் கண் பி.ஓ.பி.எஃப். என்ற, இலையை நன்றாக நொறுக்கிய கறுப்புத் தேயிலைத் தூளில் பழகிய கண். கோப்பையில் ஊற்றியதும் செம்பு நிறம் தெரியாவிட்டால் ஏமாந்துவிட்டோம் என்று மனம் பதறுகிறது. புதியவர் ஒருவர் சீனாவின் ஃபூடிங் பகுதியில் விளையும் வெள்ளி ஊசி என்ற வெள்ளைத் தேயிலையை ஊற்றிப் பார்த்துவிட்டு, "சாயமே இறங்கவில்லையே" என்று இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டார். வெளிறிய மஞ்சள்தான் அதன் இயல்பான நிறம். வாயில் வைத்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

தேயிலையைச் சோதிப்பதற்கென்று ஒரு சர்வதேசத் தரமுறை இருக்கிறது. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். குறைகளை வெளியே இழுத்துக் காட்டுவதற்கு அது நல்ல முறை. ஆனால் பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட ஊலோங் போன்ற முழு இலைத் தேயிலையை ரசித்துக் குடிக்கச் சீனர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கைவான் என்ற மூடிக் கிண்ணத்தில் 100 மில்லிலீற்றருக்கு ஐந்தாறு கிராம் இலை போட்டு, சில விநாடிகளில் வடித்து, அதே இலையில் மறுபடி மறுபடி நீர் ஊற்றுகிறார்கள். சீனாவின் வூயி மலை ஊலோங் மூன்றாவது நான்காவது ஊற்றில்தான் முழுதாக மலரும். முதல் கோப்பையோடு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுக் கடைக்காரரைக் குறை சொல்வது அநியாயம்.

ஆள் வரும்போதே அள்ளிக்கொள்வது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். சிங்கப்பூரிலிருந்தோ சீனாவிலிருந்தோ யாராவது வருகிறார்கள் என்றால் உடனே, "வருகிறதே ஒரு தடவை, நிறைய வாங்கிவிடுவோம்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அரிசிக்கும் பருப்புக்கும் அது பொருந்தும். வசந்தகாலப் பச்சைத் தேயிலைக்குப் பொருந்தவே பொருந்தாது.

எங்கள் கூட்டத்துத் தம்பி ஒருவர் உறவினர் மூலம் லோங்ஜிங் என்ற சீனப் பச்சைத் தேயிலை அரைக் கிலோ தருவித்தார். சீனாவின் ஹாங்சூ நகர்ப் பக்கத்தில், ஏப்ரல் முற்பகுதியில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த தளிர்; விலை கொஞ்சநஞ்சமல்ல. அனுப்பிய கடைக்காரர் பொறுப்பானவர். 50 கிராம் வீதம் அலுமினியத்தாள் பைகளில் காற்றுப் புகாமல் ஒட்டி அனுப்பியிருந்தார். தம்பி எனக்கு ஒரு பையைத் தந்துவிட்டு, மீதியை எல்லாம் வெட்டித் திறந்து பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கொட்டினார். குளிரில் வைத்தால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் கருவாட்டுப் பொதிக்கும் வெட்டிய வெங்காயத்துக்கும் பக்கத்தில் வைத்தார். தினமும் காலையில் எடுப்பார், திறப்பார், ஒரு கரண்டி அள்ளுவார், மூடுவார், திரும்ப உள்ளே வைப்பார்.

குளிர்ந்த போத்தலைக் கொழும்பில் திறந்தால் என்ன ஆகும்? நன்றாக உலர்த்திய பச்சைத் தேயிலையில் ஈரம் ஐந்தாறு சதவீதம்தான் இருக்கும். வெளிக்காற்றிலோ ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல். குளிர்ந்த இலையைக் காற்று தொட்டவுடன், சோடாப் போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, இலைமீது நீர் படிகிறது. அந்த ஈரத்தோடு மூடி உள்ளே வைக்கிறோம். மறுநாள் மறுபடியும். தென்மேற்குப் பருவமழை நாட்களில் கேட்கவே வேண்டாம். இலையில் ஈரம் ஏற ஏற, வாசம் தரும் பொருட்கள் சிதைகின்றன. பச்சையம் நிறம் மாறுகிறது. போதாக்குறைக்கு, தேயிலை பக்கத்தில் உள்ள எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மல்லிகையோடு கலந்து வைத்து மல்லிகைத் தேயிலை செய்வதும் அந்தக் குணத்தை வைத்துத்தான்.

ஓகஸ்டில் தம்பி கோபத்தோடு வந்தார். "அண்ணா, பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். காசைத் திருப்பிக் கேட்கப்போகிறேன்" என்றார். அவர் தந்த பையைத் திறக்காமல் வைத்திருந்தேன். அதை வெட்டி ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினேன். பக்கத்துத் தட்டில் அவருடைய போத்தலிலிருந்து கொஞ்சம். என் தட்டில் தட்டையான இலைகள், இளம் பச்சையில் மஞ்சள் ஓடிய நிறம். விரலால் அழுத்தினால் 'டக்' என்று முறிந்தன. வறுத்த பயறின் வாசம். அவருடைய இலை மங்கிய காக்கி நிறத்தில் இருந்தது; அழுத்தினால் வளைந்தது, முறியவில்லை. நீர் ஊற்றியதும் வைக்கோல் வாசமும், அதற்கு அடியில் வெங்காய வாசமும் எழுந்தன. ஒரே கடை, ஒரே பறிப்பு.

"வறுத்து எடுத்தால் சரிவராதா?" என்று கேட்டார். ஈரம் போகும், வறுத்த வாசம் ஒன்று வரும். போன வாசம் திரும்பாது. பாடுபட்டுப் பறித்து, வெறுங்கையால் சூடான சட்டியில் அழுத்தி அழுத்தி வறுத்த இலைக்கு இந்தக் கதி நேர்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. பழி வேறு கடைக்காரர்மீது விழ இருந்தது.

ஆகவே பச்சைத் தேயிலை 50 கிராம், மிஞ்சினால் 100 கிராம் வாங்குங்கள். சிறு பைகளாக ஒட்டித் தரச் சொல்லுங்கள். திறக்காத பைகள் குளிரில் இருக்கலாம். ஒன்றை எடுத்தால் வெட்டாமல் இரவு முழுக்க வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். திறந்ததை மீண்டும் குளிரில் வைக்க வேண்டாம். இறுக மூடும் தகரப் பேணியில் போட்டு இரண்டு மூன்று வாரத்துக்குள் குடித்து முடியுங்கள். அந்த வேகத்தில் குடிக்க முடியாதவர்கள் கரிநெருப்பில் வாட்டிய வூயி ஊலோங் வாங்குவது நல்லது. நம் காலநிலையை அது எவ்வளவோ மேலாகத் தாங்கும்.

கொதிநீரில் லோங்ஜிங்

80 பாகையில் ஊற்றுங்கள்.

7542 என்பதை ஆண்டாகப் படிப்பது

புவார் என்பது சீனாவின் யுன்னான் மாகாணத்தில் வட்டாக அழுத்தி, ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கும் தேயிலை. அந்த வட்டுகள் பலவற்றில் இப்படி நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் அந்தக் கலவை உருவான ஆண்டு, அதாவது 1975. மூன்றாவது இலையின் தரம். நான்காவது தொழிற்சாலை, 2 என்றால் மெங்ஹாய். போன வருடம் அழுத்திய வட்டிலும் 7542 என்றே இருக்கலாம். இதை அறியாமல், "75ஆம் ஆண்டுச் சரக்கு" என்று ஆசையோடு பணம் கட்டியவரைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: ஈரமூட்டிக் குவித்துப் பதப்படுத்தும் 'ஷோ' புவார் முறை 1973 அளவில்தான் வகுக்கப்பட்டது. 1960களின் ஷோ என்று யாராவது நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

வட்டு ஒன்று வழக்கமாக 357 கிராம். 10, 20 கிராம் மாதிரி வாங்கிக் குடித்துப் பார்க்காமல் முழு வட்டை வாங்காதீர்கள். வாங்கிய வட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது முதிராது. சமையலறையிலும் சுவரை ஒட்டியும் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை உறையைப் பிரித்து டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் தூவிகள் இலையோடு ஒட்டிப் படிந்திருந்தால் அது தளிர் மயிர். பஞ்சுபோல எழும்பி நின்றால் பூஞ்சணம்.

தாய் மரத்துத் தா ஹோங் பாவ்

தா ஹோங் பாவ் என்பது பேர்போன வூயி ஊலோங். அதன் தாய் மரத்து இலை விற்பனைக்கு இல்லை. வூயி மலைப் பாறையில் நிற்கும் அந்த ஆறு மரங்களில் கடைசியாகப் பறித்தது 2005இல். சந்தையில் நல்ல தா ஹோங் பாவ் உண்டு, ஆனால் அது வேறு மரங்களின் இலை. அதை அப்படியே சொல்லி விற்பவரிடம் வாங்குங்கள்.

சாம்பிராணி

வெள்ளிக்கிழமை மாலையில் சுவைக்க உட்காராதீர்கள்.

அனுமதி கேட்காமல் தருவிப்பது

இலங்கைக்குள் தேயிலை கொண்டுவருவது இலங்கைத் தேயிலைச் சபையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. தபாலில் வரவழைக்க நினைத்தால், அளவு சிறிதாக இருந்தாலும், கடைக்காரருக்குப் பணம் அனுப்புவதற்கு முன்பே சபையிடமும் சுங்கத்திடமும் விசாரித்துக்கொள்ளுங்கள். பொதி தடுத்து வைக்கப்பட்ட பிறகு விசாரித்தால், ஏப்ரல் இலை மழைக்காலம் முழுவதும் ஏதோ ஒரு களஞ்சியத்தில் கிடக்கும்.