பழைய வீட்டை வாங்குமுன் பழுதுச் செலவைக் கணக்கிடும் முறை

பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் பழுதடைந்த வீட்டை விலை பேசுகிறவர்கள், முன்பணம் கொடுக்குமுன்பே சீரமைப்புச் செலவை எழுதிக் கணக்கிட வேண்டும்.

முதலில் கூரையைப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாளே போங்கள். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால், கட்டை சுவருக்குள் நுழையும் முனையைத் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமும் கரையானும் பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். கான்கிரீட் தளமானால், கம்பி ஓடும் திசையில் விரிசல் விட்டுப் பூச்சு உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளப்பதால், மேலே பூசி மறைப்பது பயன் தராது. கட்டமைப்புப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்துச் சோதிப்பது, என் கருத்தில், தவிர்க்கவே கூடாத செலவு.

அடுத்து அளவெடுங்கள். 10க்கு 12 அடி அறையில் சுவர் 10 அடி உயரம் என்றால், சுற்றளவு 44 அடி, சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. தரைப்பரப்பான 120ஐ மட்டும் வைத்துப் பெயின்டுக்கு மதிப்பிடுகிறவர்கள் இங்குதான் ஏமாறுகிறார்கள். வயரிங்கைப் பாயின்ட் கணக்கிலும் (விளக்கு, மின்விசிறி, பிளக் என ஒவ்வோர் இணைப்பும் ஒரு பாயின்ட்), குழாயை அடிக்கணக்கிலும் கேளுங்கள்.

மேஸ்திரிகள் இரண்டு மூன்று பேரிடம் பொருளையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இடிபாடு அகற்றும் லாரிச் செலவும், வேலை முடியும்வரை நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையும் அதில் இருக்காது என்பதால், அவற்றையும் சேர்த்து, எதிர்பாராத பழுதுக்கென 20 முதல் 25 சதவீதம் கூட்டி, வரும் தொகையைக் காட்டியே விலையைக் குறைக்கக் கேளுங்கள்.